மணி உறுமட்டும், விடுங்கள்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும்படியான விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை வீடு. கணவர், மாமியார், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். ஏற்கெனவே மூன்று நாய்கள்: ஒன்பது வயது சிப்பிப்பாறை மணி, தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்த கருப்பி, வேலை மாறிப் போன உறவினர் விட்டுவிட்டுப் போன பொமரேனியன் ஜிம்மி. மூன்று வாரத்துக்கு முன்னால் அரிசி ஆலைக்குப் பின்புறம் சிமெண்ட் சாக்கில் கட்டிப் போட்டிருந்த மூன்று குட்டிகளை மகன் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஒன்று மறுநாளே செத்துப்போனது. மற்ற இரண்டுக்கும் பொரி, கடலை என்று பெயர் வைத்தாகிவிட்டது. இப்போது அவற்றுக்கு எட்டு வாரம் இருக்கலாம்.

பொரி முழு வெள்ளை, கண் இரண்டும் மிளகு அளவுக்குச் சுருங்கி உள்ளே போயிருக்கிறது. கடலைக்குக் கண் இருக்கிறது, ஆனால் நீலமும் வெள்ளையுமாகப் படலம். வந்த அன்று சீழ் கட்டியிருந்ததாம். கையை ஆட்டிப் பார்த்தால் இமைக்கவில்லை, சுவரில் முட்டுகிறது, ஆகவே இரண்டும் குருடு என்று முடிவுக்கு வந்திருக்கிறார். நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்திருப்போம் என்றுதான் ஆரம்பித்தது. மணி குட்டிகளைப் பார்த்தாலே உறுமுகிறது, ஒருமுறை கவ்வப் போய்விட்டது, துடைப்பத்தால் இரண்டு போட்டிருக்கிறார். மணியை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா, குட்டிகளை ஊசி போட்டுத் தூங்க வைப்பதுதான் புண்ணியம் என்று ஒரு கால்நடை மருத்துவர் சொன்னாரே அது சரியா, "கண்ணில்லாத ஜீவன் வீட்டுக்கு ஆகாது" என்கிற மாமியாருக்கும் "அஞ்சு நாயா?" என்கிற வீட்டுச் சொந்தக்காரருக்கும் என்ன பதில் சொல்வது, கொடுப்பதென்றால் சேர்த்துக் கொடுப்பதா பிரித்துக் கொடுப்பதா. இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

முதலில் நீங்கள் கேட்காத விஷயம்

மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது அம்மா: போன வாரம் கடலை விளையாட்டாகக் கடித்ததில் பையன் விரலில் லேசாக ரத்தம் வந்தது, குட்டிதானே என்று மஞ்சள் வைத்துவிட்டேன் என்று. மற்ற எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லாமல் போனால்கூடப் பரவாயில்லை, இதற்குச் சொல்லியாக வேண்டும். குட்டிக்கு வெறிநோய் வராது என்பது ஊரெல்லாம் இருக்கிற நம்பிக்கை. வரும். இந்தக் குட்டிகளின் தாய் எது, அதை எது கடித்தது என்று யாருக்கும் தெரியாது, கூடப் பிறந்தது ஒன்று காரணம் தெரியாமல் ஒரே நாளில் செத்திருக்கிறது. ஆகவே இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், பையனைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆம் நாட்கள், தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவையா என்று அங்கே இருக்கும் டாக்டர் முடிவு செய்வார். செத்துப்போன குட்டியைப் பற்றியும் அதை வீட்டில் யார் யார் தொட்டுத் தூக்கினீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் பயமில்லை என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கணக்கு உண்மைதான், அந்தக் கடியால் நோய் வந்திருக்காது என்று அர்த்தம். ஆனால் அது ஊசியைப் போட ஆரம்பித்த பிறகு, மிச்சத்தைத் தொடர்வதா என்று டாக்டர் பார்ப்பதற்கான கணக்கு. பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்திருப்பதற்கு அல்ல. இனிமேல் பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம், காபித்தூளும் வேண்டாம்.

குட்டிகளுக்கும் ஊசி தள்ளிப்போடக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற கொடிய தொற்றுநோய்களுக்கான கூட்டு ஊசியை இந்த வயதிலேயே ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வீதம் பதினாறு வாரம்வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். குடற்புழு மருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருதரம். உங்கள் பெரிய நாய்கள் மூன்றுக்கும் போன வருஷம் போட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தேதியை எடுத்துப் பாருங்கள். பொதுவாகவே வெளியிலிருந்து வரும் குட்டியை முதல் இரண்டு வாரம் மற்ற நாய்களோடு சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும், பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, ஏதோ தப்பித்தீர்கள்.

இரண்டும் குருடு என்று யார் சொன்னது?

கையை முகத்துக்கு நேரே வேகமாகக் கொண்டுபோய் இமைக்கிறதா என்று பார்ப்பது கால்நடை மருத்துவர்களான நாங்களும் செய்கிற சோதனைதான். ஆனால் இமைப்பது குட்டிகள் பிறக்கும்போதே கொண்டுவருவது இல்லை, பார்த்துப் பழகிக் கற்றுக்கொள்வது. நன்றாகக் கண் தெரிகிற குட்டிகூடப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும்வரை இதில் தேறாது. அதே சமயம் கையை ஆட்டும்போது கிளம்பும் காற்று மீசை மயிரில் பட்டால் முழுக் குருடான குட்டியும் இமைத்துவிடும். ஆக இந்தப் பரீட்சையில் பாஸானாலும் பெயிலானாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். கடலையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் முகத்துக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி ஒரு பஞ்சு உருண்டையை மேலிருந்து விடுங்கள். பஞ்சுக்குச் சத்தமும் இல்லை, மணமும் இல்லை, காற்றும் கிளப்பாது. தலையோ கண்ணோ அதன் பின்னாலேயே கீழே போகிறதா என்று பாருங்கள். நான்கைந்து முறை, வேறு வேறு பக்கம். அப்புறம் வெளிச்சத்தில் ஒருமுறை, சாயங்கால மங்கலில் ஒருமுறை. நிழலாகவாவது தெரிந்தால் கடலையின் கதையே வேறு.

ஏனென்றால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கடலை பிறவிக் குருடாக இல்லாமல் இருக்கலாம். குட்டிகள் கண் திறப்பதற்கு முன்பே இமைக்கு உள்ளே கிருமி சேர்ந்து சீழ் கட்டுவது உண்டு, யாரும் பார்த்துத் திறந்துவிடாவிட்டால் அது கருவிழியை அரித்துவிடும். அந்தப் புண் ஆறிய தழும்புதான் நீங்கள் பார்க்கும் படலமாக இருக்கலாம், அல்லது புண் இன்னும் ஆறாமலேகூட இருக்கலாம். டாக்டர் ஒரு சாயத்தாளைக் கண்ணில் தொட்டுப் பார்ப்பார், புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரியும், ஐந்து நிமிஷ வேலை. சின்னக் குட்டிகளின் கருவிழித் தழும்பு வளர வளர ஓரளவு தெளிவதும் உண்டு. படலம் கருவிழியில் இல்லை, உள்ளே லென்ஸில் என்றால் அது பிறவிக் கண்புரை. விழித்திரை வேலை செய்தால் சிலவற்றுக்கு அறுவை செய்யலாம். கூடவே மூக்கில் சளி, இருமல், காலில் வெட்டி வெட்டி இழுப்பது என்று ஏதாவது இருந்தால் டிஸ்டெம்பரைச் சந்தேகிக்க வேண்டும், அது மற்ற மூன்று நாய்களுக்கும் சேர்த்துக் கவலை.

இதை வெளியே நின்று பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். அவர்கள் பார்த்து, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமா என்று சொல்வார்கள்.

அதுவரை குட்டியின் கண்ணில் தாய்ப்பால் விடுவதை நிறுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் நல்ல மனசோடு கொடுத்ததுதான், ஆனால் கண்ணுக்கு அது மருந்தில்லை. அதைவிட எனக்குப் பயம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அந்தச் சொட்டு மருந்துதான். மனிதர்களுக்கு விற்கிற கண் சொட்டுகள் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கருவிழியில் புண் இருக்கும்போது அதை விட்டால் சிவப்பு குறைந்து நன்றாகிற மாதிரி இரண்டு நாள் தெரியும், உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும். கண்ணே ஓட்டையாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்றே நிறுத்துங்கள்.

பொரியின் விஷயம் வேறு. கண்விழி வளராமலே பிறந்திருக்கிறது, அதற்கு மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. பெரும்பாலும் வலியும் இல்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தினம் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும். இமை மயிர் உள்ளே மடிந்து உரசுகிறதா என்று மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் முழு வெள்ளை, ராஜபாளையம் கலப்பு மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு என்பது உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தட்டுச் சத்தம் கேட்டதும் ஓடி வருகிறது என்பது எனக்குப் போதவில்லை, கடலை ஓடுவதைத் தரையதிர்வில் தெரிந்துகொண்டு பின்னால் வரலாம், சோற்று வாசனைக்கும் வரலாம். பொரியைத் தனியாக வைத்து, பின்பக்கமிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். இடது பக்கம் கூப்பிட்டால் வலது பக்கம் போகிறது என்றால் ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றிருக்கலாம், சத்தம் எந்தத் திசை என்று பிரிக்க இரண்டு காதும் வேண்டும். கண்ணில்லாத குட்டிக்கு நாம் கற்றுக்கொடுக்கிற எல்லாமே சத்தத்தை நம்பித்தான், அதனால் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசியை யாரோ ஒருவர் குத்துமதிப்பாகப் போட்டு, மறுநாள் நாய் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று வருவார்கள். அளவு மீறினால் அந்த மருந்தே பார்வையைப் பறிக்கும், உடனே சிகிச்சை கிடைத்தால் பல நாய்களுக்குச் சில நாட்களில் திரும்பிவிடுகிறது. ஆறு வாரத்துக்குள் இருக்கும் குட்டிகளுக்கு அதைத் தொடவே கூடாது.

நீங்கள் திட்டுகிற மணியும் கொஞ்சுகிற ஜிம்மியும்

உங்கள் கடிதத்தில் மணி வில்லன், ஜிம்மி ரொம்பப் பாசம். எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

ஒரு நாய்க்கு இன்னொரு நாய் பிடிக்கவில்லை என்றால் அது எடுத்தவுடன் கடிக்காது. முதலில் அசையாமல் நிற்கும், முறைக்கும், முகத்தைத் திருப்பும், உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். கண் தெரிகிற குட்டி இதில் ஏதோ ஒன்றைப் பார்த்து விலகிப்போய்விடும், நமக்கு ஒன்றும் நடந்ததே தெரியாது. பொரிக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. மணியின் முகத்துக்கு நேராக, அது முறைத்துக்கொண்டிருக்கும்போதே, வாலை ஆட்டிக்கொண்டு போய் அதன் சோற்றுத் தட்டில் மூக்கை வைக்கும். மணியின் எச்சரிக்கைகளில் பொரிக்கு எட்டக்கூடியது உறுமல் ஒன்றுதான். அதைத்தான் நீங்கள் துடைப்பத்தால் அடித்து நிறுத்தப் பார்க்கிறீர்கள். இன்னும் நாலு தடவை அடித்தால் மணி உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. சத்தமில்லாமல் கடிக்கிற ஒரு பெரிய நாயும் கண் தெரியாத இரண்டு குட்டிகளும் ஒரே வீட்டில் இருக்கும், அதுவும் குட்டிகள் வந்தால் அடி விழுகிறது என்று அந்த நாய் கற்றுக்கொண்ட பிறகு.

ஆகவே மணி உறுமட்டும். உறுமினால் மணியைத் திட்டாமல், குட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உங்கள் பக்கம் வரவழையுங்கள். பத்து நாளில் உறுமல் கேட்டாலே குட்டி நின்று திரும்பப் பழகும். அந்த இரண்டு நொடி நின்று திரும்புகிறதே, அதுதான் உங்களுக்கு வேண்டியது.

அதோடு மணிக்கு ஒரு இடம் வேண்டும். குட்டிகள் ஏற முடியாத கட்டிலோ, குறுக்குப் பலகை வைத்த அறையோ. சாப்பாடு கதவைச் சாத்திக்கொண்டு தனியே. ஒன்பது வயதில் ஒரு நாய் திடீரென்று சிடுசிடுப்பாகிறது என்றால் இடுப்பிலோ பல்லிலோ வலி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், எழுந்திருக்கும்போது பின்னங்காலை நீட்டி நீட்டி எழுகிறதா என்று காலையில் கவனியுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம், சிப்பிப்பாறை முயல் விரட்டிய பரம்பரை. கீச்சென்று கத்திக்கொண்டு சின்னதாக ஒன்று தரையில் ஓடினால் அதன் கால் தானாகக் கிளம்பும், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் மணியும் குட்டிகளும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. நீங்கள் இருக்கும்போது, மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு உங்கள் கடிதத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கவ்வப் போனது என்று எழுதியிருக்கிறீர்களே தவிர பல் பதிந்தது என்று எழுதவில்லை. பல் பதிந்து, அதுவும் இரண்டாம் முறை நடந்தால், அப்போது வேறு பேச்சு.

இப்போது ஜிம்மி. "எப்பப் பார்த்தாலும் குட்டிகள் மேல் விழுந்து விளையாடுகிறது, அவ்வளவு பாசம்" என்கிறீர்கள். நாய் விளையாடக் கூப்பிடும்போது முன்காலை நீட்டிக் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும், பார்த்திருப்பீர்கள். கண் தெரிகிற குட்டி அதைப் பார்த்துத் தயாராகிவிடும். பொரிக்கு அந்த அழைப்பே கிடையாது. தூங்கிக்கொண்டோ மோந்துகொண்டோ இருக்கும்போது வானத்திலிருந்து ஆறேழு கிலோ வந்து விழுகிறது, ஒரு நாளைக்கு இருபது தடவை. இந்த வயதில், அதாவது மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை, எது பயம் எது பழக்கம் என்று குட்டியின் மனசில் பதிகிறது. கொஞ்ச நாளில் பொரி காலடிச் சத்தம் கேட்டாலே கடிக்க ஆரம்பித்தால் அதற்கு மணி காரணமாக இருக்காது. ஜிம்மி கழுத்தில் சின்னச் சலங்கை கட்டுங்கள், பெரிய நாய்கள் மூன்றுக்குமே கட்டலாம், வேறு வேறு சத்தமாக இருந்தால் இன்னும் நல்லது. ஜிம்மியை முதலில் அரை மணி நேரம் வெளியே ஓடவிட்டுக் களைக்க வைத்துவிட்டு அப்புறம் குட்டிகளிடம் விடுங்கள், மேலே ஏறியதும் தூக்கி வெளியே வையுங்கள்.

கருப்பியைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "அது பேசாமல் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்." மூன்று நாய்களில் குட்டிகளுக்கு உதவப் போகிறது அதுதான். தெருவில் வளர்ந்ததுக்கு இந்த நாசூக்கு தெரியும்.

வீட்டில் என்ன மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

எங்கள் வீட்டில் செல்லி என்று ஒரு பெண் நாய், கண் தெரியாமல் பதினோரு வருஷம் இருந்தது. வாசற்படியில் தென்னைநார் மிதியடி ஒன்று கிடக்கும். செல்லி நடந்து வந்து அது காலில் பட்டதும் நிற்கும், வலது முன்காலைக் கயிறு தாண்டுகிற மாதிரி உயரத் தூக்கி, காற்றில் ஒரு வினாடி வைத்திருந்து, படி இருக்கும் இடத்தில் சரியாக வைக்கும். தெரியாத ஆட்கள் அதற்குக் கண் இல்லை என்றே சொல்ல மாட்டார்கள். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று கட்டிலையும் கிரைண்டரையும் இடம் மாற்றிவிட்டு, அன்றைக்கு வீட்டில் நானே இருந்தும், அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வேகமாக வந்து கட்டில் கால் இரும்பில் மோதிப் புருவம் கிழிந்தது. இரண்டு தையல், நானே போட்டேன். பதினோரு வருஷத்தில் அதற்குப் பட்ட ஒரே பெரிய காயம், வைத்தியன் வீட்டில்.

ஆக, சாமான்களை இடம் மாற்றாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம், படுக்கை, சோற்றுத் தட்டு என்றைக்கும் ஒரே இடம். குட்டியைத் தூக்கினால் இறக்கிவிடுவது எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், அங்கிருந்து மற்ற இடமெல்லாம் அதற்குக் கணக்குத் தெரியும். பாவம் என்று நாளெல்லாம் தூக்கிக்கொண்டே திரிந்தால் வீடு அதன் தலைக்குள் பதியாது, பையனிடம் இதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் நார் மிதியடி, படி இறங்கும் இடத்தில் சணல் சாக்கு என்று காலுக்குத் தெரிகிற மாதிரி வித்தியாசம் காட்டுங்கள். தினமும் பினாயில் ஊற்றித் துடைக்கிறீர்கள் என்றால் குட்டிகள் மூக்கால் போட்டு வைத்த கோலத்தைத் தினமும் அழிக்கிறீர்கள், அந்த நெடி அவற்றின் உடம்புக்கும் ஆகாது. அழுக்கான இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். கற்பூரம், அந்து உருண்டை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

மாடிப்படி, தரைத் தொட்டி மூடி, கிணறு இருந்தால் கிணறு. இந்த மூன்றையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். துவைக்கிற கல்லின் முனையில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றலாம். ரோஜாச் செடியில் குட்டியின் முகம் படுகிற உயரத்துக்குக் கிளையை வெட்டுங்கள், தெரியாத கண்ணிலும் முள் குத்தினால் வலிக்கும்.

தொடுவதற்கு முன்னால் பேர் சொல்லுங்கள், தூங்கும்போது கட்டாயம். இறங்கும் இடத்தில் "படி", ஆபத்து என்றால் "நில்". வீட்டில் நான்கு பேரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், நீங்கள் "நில்" என்று சொல்லிப் பையன் "ஸ்டாப்" என்று கத்தினால் குட்டி குழம்பும். வெளிக்குப் போகப் பழக்குவது மற்றக் குட்டிகளைப் போலத்தான், சாப்பிட்டதும் ஒரே வழியில் நடத்திக் கூட்டிப்போங்கள், மூக்கு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தூங்க வைப்பது, மாமியார், வீட்டுக்காரர்

கண் தெரியவில்லை என்பது மட்டும் ஒரு குட்டியைக் கொல்லக் காரணம் ஆகாது. அந்த மருத்துவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, சாக்கிலிருந்து எடுத்த அன்றைய கோலத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு ஓடி விளையாடிச் சாப்பிட்டுத் தூங்குகிற இரண்டையும் அவரே பார்த்தால் அப்படிச் சொல்வாரா என்பது சந்தேகம். நான் பார்ப்பது வலியைத்தான். கண் பிதுங்கிச் சிவந்து, தொட்டால் கல் மாதிரி இருந்து, குட்டி தலையைச் சுவரில் தேய்த்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் அது கண்ணழுத்தம், கடுமையான வலி. அதற்கும் கொல்ல வேண்டியதில்லை, கண்ணை எடுத்துவிடுவார்கள். பார்க்கிற நமக்குத்தான் சங்கடம், அது கண்ணாடி பார்த்து வருத்தப்படப் போவதில்லை.

மாமியார் சொல்வதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சாயங்காலம் நீங்கள் வருவதற்கு முன்னால் யாரோ குட்டிகளுக்குச் சுடுசோறு பிசைந்து வைத்துவிடுகிறார்கள் என்று. வீட்டில் அந்த நேரம் இருப்பது யார்? அத்தையிடம் வாதம் செய்யாமல், "நீங்க கூப்பிட்டாத்தான் வருதுங்க" என்று அந்த வேலையையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பால் மட்டும் நிறைய ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், பேதியாகும். வெங்காயம் போட்ட குழம்பும் கூடாது.

வீட்டுக்காரர் விஷயத்தில் நான் வக்கீல் இல்லை, எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். சாக்கில் கட்டிப் போட்டவர் செய்ததும் அதுதான், "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு" என்கிற யோசனையும் அதுதான். ஆனால் ஐந்து நாயோடு குடியிருக்கும் உரிமையை அந்தச் சட்டம் உங்களுக்குக் கொடுத்துவிடவில்லை. நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் சொல்லியிருக்கிறது, அது சங்கங்களுக்கு. தனி வீட்டுக்காரரிடம் அந்தத் தாளை நீட்டினால் அடுத்த மாதம் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் நேரில் போய் ஒரு தேதி சொல்லுங்கள். "மூன்று மாதம், ஊசியெல்லாம் போட்டதும் நல்ல இடத்தில் கொடுத்துவிடுவேன்" என்று. ஆட்கள் நாய்க்குப் பயப்படுவதைவிட முடிவு தெரியாத விஷயத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

கொடுப்பதென்றால்

கடலையின் கண் முடிவு தெரியாமல் பேச்சையே ஆரம்பிக்காதீர்கள். சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், பிரித்தால் பாவம் என்று நினைக்கிறீர்கள். அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை. கண் தெரியாத நாய்க்கு வழிகாட்ட இன்னொரு நாய் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பொரி எப்போதும் கடலையின் வாலில் மூக்கை வைத்துக்கொண்டே போகிறது என்கிறீர்கள், பார்க்க அழகுதான், ஆனால் அப்படியே விட்டால் கடலை இல்லாத ஒரு நாள் பொரிக்கு எங்கும் போகத் தெரியாது. தினமும் அரை மணி நேரம் இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள், ஒன்று கருப்பியோடு, ஒன்று உங்களோடு. இரண்டு வாரத்தில் பொரி தனியாக வீட்டைச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டால் பிரிக்கலாம். அழுது ஒடுங்கிச் சாப்பிடாமல் கிடந்தால் சேர்த்துக் கேட்கிற வீடு வரும்வரை காத்திருக்கலாம்.

பதினாறு வார ஊசி முடிந்த பிறகு கொடுங்கள். காவலுக்கு என்று கேட்பவருக்கும், குழந்தையின் பிறந்தநாளுக்கு என்று கேட்பவருக்கும் வேண்டாம். போய் வீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்: சுற்றுச்சுவர், கிணறு, ஏற்கெனவே என்ன நாய், பகலில் யார் இருப்பார்கள். கருத்தடைக்கு நாள் குறித்து எழுதி வாங்குங்கள். பிடிக்காவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பாவம் பார்த்து வாங்குகிறவர்கள் மூன்றாம் மாதம் திருப்பித் தருவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் படம் அனுப்பும்போது பொரி சோற்றுத் தட்டுக்கு ஓடி வருகிற வீடியோவை அனுப்புங்கள், கண்ணை மட்டும் கிட்டத்தில் எடுத்த படத்தை வேண்டாம்.

உங்களாலேயே ஐந்தையும் வைத்துக்கொள்ள முடியாததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாய், ஒரு வேலை, ஒரு வாடகை வீடு. யாரிடம் மன்னிப்பு?

ராமையன்பட்டிக்குப் போகும்போது பொரியையும் கூடவே கூட்டிப்போங்கள், கடலை தனியாகப் போனால் பஸ் முழுக்கக் கத்தும். மடியில் வீட்டுப் பழைய துணி ஒன்று இருக்கட்டும். அந்தச் சொட்டு மருந்துக் குப்பியை மறக்க வேண்டாம், காலியாகியிருந்தாலும் எடுத்துப் போங்கள், அதில் என்ன இருந்தது என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள்.